அற்றுப்போன ஓர் ஆங்கிலப் பட்டத்தின் வாரிசு வரிசையைத் தேடுவது எப்படி? காரன்வாலிஸ் பட்டங்களை வைத்து ஒரு வழிகாட்டி

1823 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாம் மார்க்விஸ் காரன்வாலிஸ் இறந்தார். அவருக்கு ஐந்து பெண்கள், ஆண் பிள்ளை கிடையாது. அன்றோடு மார்க்விஸ் காரன்வாலிஸ் என்ற பட்டம் அற்றுப்போனது. ஆனால் ஏர்ல் காரன்வாலிஸ் என்ற பட்டம் அற்றுப்போகவில்லை. அது அவருடைய சித்தப்பாவான ஒரு பிஷப்பிடம் போனது, அப்புறம் பிஷப்பின் மகனிடம் போனது, 1852 வரை இருந்தது. 1927ல் இன்னொரு லார்டு காரன்வாலிஸ் வந்தார். அவருக்கும் பழைய பட்டத்துக்கும் ரத்த உறவு உண்டு, சட்ட உறவு இல்லை.

நமக்கெல்லாம் பள்ளிப் பாடத்தில் அறிமுகமான காரன்வாலிஸ் பிரபு ஒருவர்தான்: நிலையான நிலவரித் திட்டம், 1793, ஐந்து மதிப்பெண். ஆனால் கம்பெனிக் காலத்து ஆவணங்களையோ இங்கிலாந்து வரலாற்றையோ கொஞ்சம் ஆழமாகப் படிக்கத் தொடங்கினால் ‘லார்டு காரன்வாலிஸ்’ என்று பலர் வந்து நிற்பார்கள். யார் யாருக்குப் பிள்ளை, எந்தப் பட்டம் எப்போது முடிந்தது என்பதைப் பிரித்தெடுக்கத் தெரியாவிட்டால் கட்டுரை எழுதுபவர் தவறான ஆளின் மீது தவறான செயலை ஏற்றிவிடுவார். இந்தக் குடும்பத்தை வைத்தே தேடும் முறையைச் சொல்கிறேன். இங்கே பழகிவிட்டால் வேறெந்தப் பட்டத்துக்கும் இதே வழியில் போகலாம்.

முதல் படி: எந்தப் பட்டம் என்று முடிவு செய்யுங்கள்

ஆங்கிலப் பிரபுத்துவத்தில் ஐந்து படிநிலைகள். மேலிருந்து கீழாக ட்யூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். இதற்கும் கீழே பாரோனெட் என்று ஒன்று உண்டு. அதுவும் பரம்பரையாக வரும், பெயருக்கு முன்னால் ‘சர்’ போட்டுக்கொள்ளலாம், ஆனால் பாரோனெட் பிரபு அல்ல. பிரபுக்கள் சபையில் அவருக்கு நாற்காலி கிடையாது.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரு குடும்பத்துக்கு ஒரு பட்டம் என்று நினைத்துக்கொண்டு தேடத் தொடங்குகிறார்கள். உண்மையில் ஒரே ஆள் நான்கைந்து பட்டங்களை ஒன்றாகத் தாங்கியிருப்பார். பெரும்பாலும் வெவ்வேறு வருடத்தில், வெவ்வேறு ராஜா கொடுத்தது. காரன்வாலிஸ் குடும்பத்துக் கணக்கு இப்படி: 1627ல் பாரோனெட், 1661ல் பாரன், 1753ல் வைகவுண்ட் ப்ரோம், ஏர்ல் காரன்வாலிஸ் இரண்டும் சேர்த்து, 1792ல் மார்க்விஸ். ஆக ஐந்து. ஐந்துக்கும் தனித்தனித் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தாளில் எழுதினால் 1823க்கு வரும்போது குழம்பித்தான் தீர வேண்டும்.

தாளின் தலைப்பில் அந்தப் பட்டம் எந்த நாட்டுப் பிரபுத்துவத்தைச் சேர்ந்தது என்பதையும் குறியுங்கள். 1707ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றாகும்வரை கொடுத்தவை இங்கிலாந்துப் பட்டங்கள். 1707க்குப் பிறகு கிரேட் பிரிட்டன். 1801 முதல் ஐக்கிய ராஜ்ஜியம். ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பட்டங்கள் தனி. இந்தக் கணக்குப்படி பார்த்தால் காரன்வாலிஸின் பாரன் பட்டம்தான் கறாரான அர்த்தத்தில் ஆங்கிலப் பிரபுப் பட்டம். ஏர்ல், மார்க்விஸ் இரண்டும் கிரேட் பிரிட்டன் கணக்கில் வருபவை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரன்வாலிஸ் என்பது குடும்பப் பெயர். கார்ன்வால் என்ற மாவட்டத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். கார்ன்வால் ட்யூக் என்பது அரசரின் மூத்த மகனுக்கு வரும் பட்டம், அது வேறு கதை. இவர்களுடைய ஊர் சஃபோக் மாவட்டத்தில் உள்ள ப்ரோம். பாரன் பட்டம் பக்கத்தில் இருக்கும் ஐ என்ற சிற்றூரின் பெயரில் கொடுக்கப்பட்டது.

இரண்டாம் படி: பட்டம் பிறந்த பத்திரத்தைப் படியுங்கள்

நிலம் வாங்கப் போகிறவர் முதலில் மூலப் பத்திரத்தைக் கேட்பார் அல்லவா, அதே கதைதான் இங்கும். பெரும்பாலான பட்டங்கள் லெட்டர்ஸ் பேட்டன்ட் என்ற அரச முத்திரையிட்ட பத்திரத்தால் உண்டானவை. இந்தப் பட்டம் யாருக்கு, அவருக்குப் பின் யார் யாருக்குப் போகலாம் என்பது அதில் எழுதியிருக்கும். வாரிசு வரிசையின் விதி அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. குடும்பத்தின் ஆசையோ, உயிலோ, சொத்துப் பிரிவினையோ அதை மாற்றாது.

வழக்கமான வாசகம், ‘பட்டம் பெற்றவரின் உடலிற் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு’ என்பது. இதில் மூன்று நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. வாரிசு ஆணாக இருக்க வேண்டும். முதன்முதலில் பட்டம் வாங்கியவரின் நேர் சந்ததியாக, அதுவும் மகன் வழியாகவே வந்தவராக இருக்க வேண்டும். மகளுக்குப் பிறந்த பேரன் ஆகாது. சட்டப்படியான திருமணத்தில் பிறந்திருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையில் ‘முதன்முதலில் வாங்கியவர்’ என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1823ல் நடந்ததற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

வாசகம் மாறினால் விளைவு எவ்வளவு மாறும் என்பதற்கு டெவன் ஏர்ல் பட்டத்தைப் பாருங்கள். 1553ல் ராணி மேரி அதை எட்வர்டு கோர்ட்டனேவுக்குக் கொடுத்தார். அவர் கல்யாணம் ஆகாமலே 1556ல் இத்தாலியின் பாதுவாவில் இறந்தார். பட்டம் அற்றுப்போனது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்தப் பத்திரத்தில் ‘ஆண் வாரிசுகளுக்கு’ என்று மட்டும் இருந்தது. ‘உடலிற் பிறந்த’ என்ற சொற்கள் இல்லை. அப்படியானால் பங்காளிகளும் வாரிசுகள்தானே? 1831ல் பிரபுக்கள் சபை அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. தூரத்துப் பங்காளி வழியில் வந்த வில்லியம் கோர்ட்டனே, 275 வருடத்துக்குப் பிறகு டெவன் ஏர்ல் ஆனார். இரண்டு சொல் விடுபட்டதால் கிடைத்த பட்டம்!

சில பத்திரங்களில் சிறப்பு விதி இருக்கும். மார்ல்பரோ ட்யூக்குக்கு ஆண் பிள்ளைகள் பிழைக்கவில்லை என்பதால் பட்டம் பெண்களுக்கும் போகலாம் என்று 1706ல் பாராளுமன்றமே சட்டம் செய்தது. 1722ல் அவருடைய மூத்த மகள் ஹென்ரியெட்டா ட்யூக் பட்டத்தைத் தன் உரிமையில் பெற்றார்.

இன்னும் பழைய காலத்துப் பாரன் பட்டங்களில் சிலவற்றுக்குப் பத்திரமே கிடையாது. ‘பாராளுமன்றத்துக்கு வா’ என்று ராஜா அனுப்பிய ஓலையும், அந்த ஆள் போய் உட்கார்ந்ததும்தான் ஆதாரம். இந்த வகைப் பட்டம் பெண்களுக்கும் போகும். ஆனால் மகன் இல்லாமல் இரண்டு மூன்று மகள்கள் இருந்தால், எல்லோருக்கும் சம உரிமை என்பதால் ஒருவருக்கும் கிடைக்காமல் பட்டம் தொங்கலில் நிற்கும். ஒரே ஒரு கிளை மிஞ்சும்வரையோ, அரசர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்வரையோ இந்த நிலை நீடிக்கும். காரன்வாலிஸின் 1661 பட்டம் பத்திரத்தால் உண்டானது, அதனால் இந்தத் தொல்லை நமக்கு இல்லை.

மூன்றாம் படி: தலைமுறைகளை வரிசையாக எழுதுங்கள்

இப்போது பாரன் பட்டத்தின் தாளை எடுங்கள். முதல் பாரன் ஃப்ரெடெரிக் காரன்வாலிஸ். உள்நாட்டுப் போரில் ராஜா பக்கம் நின்றவர். சொத்தை இழந்தார், வெளிநாட்டில் அலைந்தார். இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பியதும் 1661 ஏப்ரலில் அவரைப் பாரன் ஆக்கினார். ஒரு வருடம்கூட அனுபவிக்கவில்லை, அடுத்த ஜனவரியில் இறந்துபோனார்.

அந்த ஜனவரி எந்த வருடம்? சில பழைய ஆவணங்களில் 1661 என்றிருக்கும், புதிய நூல்களில் 1662 என்றிருக்கும். இரண்டும் சரி. 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதி எல்லாம் முந்தைய வருடத்தோடு சேரும். இது தெரியாமல், ‘பட்டம் வாங்கும் முன்பே எப்படிச் செத்தார்’ என்று திகைக்க வேண்டாம். தேதியைக் குறிக்கும்போது 1661/62 என்று எழுதுவது ஆய்வாளர்களின் வழக்கம், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஃப்ரெடெரிக்குக்குப் பிறகு வருபவர் சார்லஸ். அவர் மகன் சார்லஸ். அவர் மகனும் சார்லஸ். அதற்கடுத்தவரும், அவருக்கு அடுத்தவரும், அவருக்கும் அடுத்தவரும் சார்லஸ்தான். இரண்டாம் பாரன் தொடங்கி ஏழாம் பாரன் வரை தொடர்ந்து ஆறு சார்லஸ்கள். குழந்தைக்குப் பெயர் வைக்க இவர்கள் ஒரு நாள்கூட யோசித்ததில்லை போலிருக்கிறது. எனவே ‘சார்லஸ் காரன்வாலிஸ்’ என்று மட்டும் குறிப்பெழுதுவதில் பயனில்லை. எண், பிறந்த வருடம், இறந்த வருடம் மூன்றையும் எப்போதும் சேர்த்தே எழுதுங்கள்.

இரண்டாம் பாரன் 1673ல் இறந்தார். மூன்றாமவர் (1655–1698) கொஞ்சம் சுவாரசியமான ஆள். 1676ல் கொலைக் குற்றச்சாட்டில் சக பிரபுக்களின் முன் நின்று விடுதலையானார். பின்னாளில் கடற்படை நிர்வாகத்தின் தலைவராகவும் இருந்தார். அவருடைய இரண்டாவது மனைவி ஆன் ஸ்காட், 1685ல் கலகம் செய்து தலை வெட்டப்பட்ட மன்மத் ட்யூக்கின் விதவை. கணவனின் மன்மத் பட்டம் துரோகக் குற்றத்தால் பறிபோனது. ஆனால் ஆனுக்குத் தன் சொந்த உரிமையில் பக்ளூ டச்சஸ் பட்டம் இருந்ததால் அது தப்பியது. காரன்வாலிஸைக் கட்டிக்கொண்ட பிறகும் அவர் பக்ளூ டச்சஸாகவேதான் இருந்தார். மனைவிகளின் பட்டத்தைக் கணவர்களின் பட்டத்தோடு கலக்கக் கூடாது என்பதற்கு இவரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நான்காமவர் 1722ல் இறந்தார். ஐந்தாமவரைத்தான் 1753ல் ஏர்ல் ஆக்கினார்கள். அவருடைய தம்பிகளில் இரட்டையர் இருவர்: ஒருவர் எட்வர்டு, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரை 1749ல் நிறுவியவர், இன்னொருவர் ஃப்ரெடெரிக், 1768 முதல் 1783 வரை கேன்டர்பரி ஆர்ச்பிஷப். பட்டம் இவர்களிடம் வரவில்லை. ஆனாலும் இவர்களைத் தாளில் ஓரமாகக் கிளை போட்டு எழுதிவையுங்கள். ஏன் என்று ஐந்தாம் படியில் தெரியும்.

நான்காம் படி: ஒரே ஆளுக்குப் பல எண்கள்

ஐந்தாம் பாரனும் முதலாம் ஏர்லும் ஒருவரே. அவருடைய மகன், 1738ல் பிறந்து அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்று, பிறகு இந்தியாவுக்கு வந்தவர், ஆறாம் பாரன், இரண்டாம் ஏர்ல், முதலாம் மார்க்விஸ். அவர் மகன் ஏழாம் பாரன், மூன்றாம் ஏர்ல், இரண்டாம் மார்க்விஸ். ஒரு புத்தகம் ‘இரண்டாம் காரன்வாலிஸ்’ என்று சொன்னால் எந்தப் பட்டத்தில் இரண்டாமவர் என்று கேட்காமல் நகராதீர்கள்.

வருடத்தை வைத்தும் சோதிக்கலாம். மார்க்விஸ் பட்டம் 1792 ஆகஸ்ட் 15 அன்று கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கை முடிந்திருந்தது. திப்பு சுல்தான் பாதி ராஜ்ஜியத்தை விட்டுக்கொடுத்து, இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். சேலம் அடங்கிய பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனிக்கு வந்தது அப்போதுதான். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கும் காரன்வாலிஸ் சிலையின் பீடத்தைப் பாருங்கள். அந்தச் சிறுவர்களை ஒப்படைக்கும் காட்சியைச் சிற்பி தாமஸ் பேங்க்ஸ் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார். 1791 பெங்களூர் முற்றுகை பற்றிய ஒரு கடிதப் பிரதி அவரை மார்க்விஸ் என்று அழைத்தால் அது பிற்காலத்தில் படியெடுத்தது என்று தைரியமாகச் சொல்லலாம். கையெழுத்தை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. பிரபுக்கள் பட்டப் பெயரை மட்டுமே கையெழுத்தாகப் போடுவார்கள். ஏர்லாக இருந்தபோதும் ‘காரன்வாலிஸ்’தான், மார்க்விஸ் ஆன பிறகும் ‘காரன்வாலிஸ்’தான்.

அடுத்தது மரியாதைப் பட்டம் என்ற பொறி. ட்யூக், மார்க்விஸ், ஏர்ல் ஆகியோரின் மூத்த மகன், அப்பா உயிரோடு இருக்கும்போதே அப்பாவின் கீழ்ப்பட்டம் ஒன்றைப் பெயருக்குப் போட்டுக்கொள்வார். வெறும் மரியாதைக்குத்தான், சட்டப்படி அவர் இன்னும் சாதாரணக் குடிமகனே. நம்முடைய காரன்வாலிஸ் 1753 முதல் 1762 வரை வைகவுண்ட் ப்ரோம் என்று அழைக்கப்பட்டார். 1760ல் ஐ தொகுதியிலிருந்து மக்கள் சபைக்குத்தான் உறுப்பினரானார். 1762ல் அப்பா இறந்த பிறகே பிரபுக்கள் சபைக்கு மாறினார். அவர் மகனும் அப்படியே ப்ரோம் ஆனார். மார்க்விஸின் மகன் ஏர்ல் பட்டத்தைப் போட்டுக்கொள்வதுதானே முறை? அப்படிச் செய்திருந்தால் அப்பாவும் காரன்வாலிஸ், பிள்ளையும் காரன்வாலிஸ் என்றாகியிருக்கும். அதனால் ஒரு படி இறங்கி ப்ரோம். மரியாதைப் பட்டக்காரர்களுக்கு எண் போடவே போடாதீர்கள்.

ஐந்தாம் படி: வரிசை எங்கே முறிகிறது என்று பாருங்கள்

முதலாம் மார்க்விஸ் இரண்டாம் முறையாக கவர்னர் ஜெனரலாக வந்து, சில மாதங்களிலேயே 1805 அக்டோபர் 5 அன்று கங்கைக் கரையில் உள்ள காஸிப்பூரில் இறந்தார். கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. ஒரே மகன் எல்லாப் பட்டத்தையும் பெற்றார். அந்த மகன்தான் நாம் தொடக்கத்தில் பார்த்த, ஐந்து பெண்களைப் பெற்ற இரண்டாம் மார்க்விஸ்.

1823ல் அவர் இறந்ததும் ஐந்து தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மார்க்விஸ் தாளில் கேள்வி: முதலாம் மார்க்விஸின் உடலிற் பிறந்த ஆண் யாராவது மிச்சம் உண்டா? அவருக்கு ஒரே மகன், அவரும் போய்விட்டார். ஆக, அங்கே கோடு போட்டு மூடிவிடலாம். ஏர்ல் தாளில் கேள்வி வேறு: முதலாம் ஏர்லின் உடலிற் பிறந்த ஆண் யாராவது உண்டா? முதலாம் ஏர்ல் என்பவர் தாத்தா. அவருடைய இன்னொரு மகன் ஜேம்ஸ், லிச்ஃபீல்டு–கோவென்ட்ரி பிஷப், எண்பது வயதில் உயிரோடு இருந்தார். ஜேம்ஸ் அண்ணனின் சந்ததி இல்லை, அதனால் மார்க்விஸ் பட்டம் அவருக்குக் கிடையாது. அப்பாவின் சந்ததி, அதனால் ஏர்ல், வைகவுண்ட், பாரன், பாரோனெட் நான்கும் அவருக்கு. விதி எல்லாத் தாளிலும் ஒன்றுதான். எந்தத் தலைமுறையிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதுதான் வேறு.

(ஜேம்ஸுக்குத் தம்பி ஒருவர் உண்டு. நெப்போலியன் காலத்தில் பிரெஸ்ட் துறைமுகத்தை மறித்து நின்ற அட்மிரல் வில்லியம் காரன்வாலிஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, 1819லேயே இறந்துவிட்டார். அவருடைய வரியில் ‘வாரிசு இல்லை’ என்று எழுதிவிடுங்கள்.)

பிஷப் ஐந்து மாதம் ஏர்லாக இருந்தார். 1824 ஜனவரியில் அவர் போனதும் மகன் ஜேம்ஸ் ஐந்தாம் ஏர்ல். இங்கே ஒரு சின்னச் சிக்கல்: இவருடைய குடும்பப் பெயர் காரன்வாலிஸ் இல்லை, மேன். தாய்மாமன் சர் ஹொரேஷியோ மேன் 1814ல் இறந்தபோது கென்ட் மாவட்டத்து லின்டன் எஸ்டேட் இவருக்கு வந்தது, கூடவே அந்தப் பெயரையும் ஏற்றுக்கொண்டார். பெயர் மாறியதால் பட்ட உரிமை போய்விடாது. பத்திரம் பெயரைக் கேட்பதில்லை, பிறப்பைத்தான் கேட்கிறது. ஆனால் தேடுபவர் குடும்பப் பெயரை மட்டும் நம்பித் தேடினால் இந்த ஆளைத் தவறவிட்டு, பட்டம் 1824லேயே முடிந்தது என்று எழுதிவிடுவார்.

ஐந்தாம் ஏர்லின் ஒரே மகன் 1835ல் அப்பாவுக்கு முன்பே கல்யாணமாகாமல் இறந்தார். 1852 மே மாதம் ஏர்லும் இறந்தார். இப்போது பட்டம் அற்றுப்போனது என்று எழுதிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். ஏர்ல் பட்டத்துக்கு முதலாம் ஏர்லின் மகன்களை மட்டும் சரிபார்த்தால் போதும். பாரன் பட்டத்துக்கு 1661 வரை ஏற வேண்டும். முதலாம் ஏர்லின் தம்பிகள், அந்த இரட்டையர் எட்வர்டும் ஃப்ரெடெரிக்கும், அவர்களுடைய மற்றச் சகோதரர்கள், அதற்கும் மேலே ஒவ்வொரு தலைமுறையிலும் இளைய மகன்கள் என்று கிளை கிளையாக ஆண் வழி முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஹாலிஃபாக்ஸ் எட்வர்டுக்கும் பிள்ளை இல்லை, ஆர்ச்பிஷப்புக்கும் பிள்ளை இல்லை. மற்றக் கிளைகளும் அப்படியே. பாரோனெட் தாளில் 1627 வரை. எல்லாம் முடிந்தது உறுதியானதால்தான் நான்கும் 1852ல் அற்றுப்போனதாகக் கணக்கு. இந்த வேலை சலிப்பானது. இதைச் செய்யாமல் தாவுகிறவர்களுடைய பட்டியல்களில்தான் பிழை மலிந்திருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. ‘மார்ஷனஸ் காரன்வாலிஸ்’ (மார்ஷனஸ் என்றால் மார்க்விஸின் மனைவி) என்ற பெயர் 1840களின் ஆவணங்களிலும் வரும். பட்டம் 1823லேயே முடிந்ததே என்று விழிக்காதீர்கள். அவர் இரண்டாம் மார்க்விஸின் விதவை லூயிசா, 1850 வரை வாழ்ந்தார். பட்டம் அற்றுப்போனாலும் விதவையின் மரியாதை அவர் ஆயுள் வரை நிற்கும்.

ஆறாம் படி: அற்றதா, உறங்குகிறதா?

தாளின் கடைசி வரியில் நிலையை எழுத வேண்டும். இப்போதைய பிரபுக்கள் பட்டியலில் இல்லாத பட்டத்துக்கெல்லாம் ‘அற்றது’ என்று எழுதுவது சரியல்ல. தகுதியான வாரிசு ஒருவரும் இல்லை என்பது உறுதியானால் அற்றது. வாரிசு எங்கோ இருக்கலாம், நிரூபித்து உரிமை கேட்க யாரும் வரவில்லை என்றால் உறங்குவது. மகள்களுக்கு இடையே மாட்டிக்கொண்டது தொங்கலில் நிற்பது. துரோகக் குற்றத்தால் பறிக்கப்பட்டது பறிமுதல்.

அற்றதற்கும் உறங்குவதற்கும் உள்ள கோடு மெல்லியது. டி வேர் குடும்பத்தின் இருபதாம் ஆக்ஸ்ஃபோர்டு ஏர்ல் 1703ல் மகன் இல்லாமல் இறந்தார். ஐந்நூறு வருடத்துக்கும் மேலான பட்டம். 1711ல் ராபர்ட் ஹார்லிக்கு அதே பெயரைக் கொடுக்க நினைத்தபோது, பழைய குடும்பத்தில் யாராவது தூரத்து வாரிசு முளைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்தது. அதனால் ஹார்லிக்குக் கொடுத்த பட்டத்தின் பெயர் ‘ஆக்ஸ்ஃபோர்டு ஏர்ல் மற்றும் மார்ட்டிமர் ஏர்ல்’ என்று நீண்டது. அவர்களுக்கே உறுதியில்லாத இடத்தில் நாம் மட்டும் எதற்கு உறுதியாக எழுத வேண்டும்?

ஏழாம் படி: அதே பெயரில் மறுபடி வந்ததா?

1927 ஜனவரியில் ஃபியன்ஸ் ஸ்டான்லி விக்கம் காரன்வாலிஸ் என்பவர் பாரன் காரன்வாலிஸ் ஆக்கப்பட்டார். இவர் ஐந்தாம் ஏர்லின் மகள் வழி வந்தவர். குடும்பம் பின்னாளில்தான் காரன்வாலிஸ் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. மகள் வழி என்பதால் பழைய பட்டத்தின் மீது துளி உரிமையும் இல்லை. இது புத்தம் புதிய பட்டம், புதிய பத்திரம், எண்ணும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆறாவதாக ஒரு தாள் எடுங்கள். பழைய பாரன் தாளின் தொடர்ச்சியாகப் பத்தாம் பாரன் என்று எழுதினால் தப்பு.

விளைவைப் பாருங்கள். ‘இரண்டாம் பாரன் காரன்வாலிஸ்’ என்றால் 1673ல் இறந்தவராகவும் இருக்கலாம், 1920களில் கென்ட் கிரிக்கெட் அணிக்குத் தலைவராக இருந்தவராகவும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டு. அதனால் எண்ணோடு பட்டம் உண்டான வருடத்தையும் சேர்த்து, ‘இரண்டாம் பாரன் (1927)’ என்று எழுதுவதுதான் பாதுகாப்பு.

எங்கே தேடுவது?

முதலில் கை வைக்க வேண்டியது ஜி. இ. கோகெய்ன் தொடங்கிய கம்ப்ளீட் பியரேஜ் என்ற பிரபுப் பட்டங்களின் தொகுப்பு நூல். உயிரோடுள்ளவை, அற்றவை, உறங்குபவை எல்லாம் அகர வரிசையில் இருக்கும். அடிக்குறிப்புகளைத் தவறாமல் படியுங்கள். வம்பும் வழக்கும் அங்கேதான். 19ஆம் நூற்றாண்டில் பர்க் குடும்பத்தார் அற்றுப்போன பட்டங்களுக்கென்றே தொகுத்த நூலும் கிடைக்கும். அதில் குடும்பங்கள் தாங்களே சொல்லிக்கொண்ட பழம்பெருமை நிறைய, எனவே கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

1665க்குப் பிந்தைய பட்டங்களுக்கு லண்டன் கெஜட் என்ற அரசிதழை இணையத்தில் இலவசமாகவே தேடலாம். ஆனால் கெஜட்டில் வருவது அறிவிப்புத்தான், முழுப் பத்திரம் அல்ல. பத்திரத்தின் பதிவு லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1733க்கு முந்தையது என்றால் லத்தீனில் இருக்கும். மக்கள் சபையில் இருந்தவர்களுக்கு பாராளுமன்ற வரலாற்றுத் திட்டத்தின் வாழ்க்கைக் குறிப்புகள் நம்பகமானவை. பிறப்பு, திருமணம், இறப்புக்கு தேவாலயப் பதிவேடுகள் 1538 முதல் உண்டு, எல்லா ஊரிலும் தப்பிப் பிழைக்கவில்லை. உயில்கள் மகள்களைக் கண்டுபிடிக்க உதவும். பட்டம் யாருக்கு என்று உயில் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள், அதற்கு அந்த அதிகாரம் இல்லை.

விக்கிப்பீடியாவில் தொடங்கலாம், தப்பில்லை. அங்கே முடிக்கக் கூடாது. இணையத்தில் குடும்ப மரம் போடும் தளங்களில் மரியாதைப் பட்டக்காரர்களுக்கும் எண் போட்டுவைத்திருப்பார்கள், ஆறு சார்லஸ்களில் இரண்டு பேரை ஒன்றாக்கியும் வைத்திருப்பார்கள்.

பழகிப் பார்க்க ஒரு பட்டம்

அடுத்ததாக மார்க்விஸ் வெல்லஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். சீரங்கப்பட்டணம் விழுந்த 1799ல் கொடுத்த பட்டம், 1842ல் அற்றது. இது அயர்லாந்துப் பிரபுத்துவம் என்பதைத் தாளின் தலைப்பிலேயே குறியுங்கள். அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், ஆனால் எல்லோரும் பெற்றோரின் திருமணத்துக்கு முன் பிறந்தவர்கள். அப்பாவிடமிருந்து வந்த மார்னிங்டன் ஏர்ல் பட்டம் மட்டும் தம்பி வில்லியமிடம் போய், அந்த வழியும் 1863ல் முடிந்ததும் இன்னொரு தம்பியின் மகனான வெல்லிங்டன் ட்யூக்கிடம் சேர்ந்தது. மார்க்விஸுக்கு ஒரு தாள், மார்னிங்டனுக்கு ஒரு தாள் போட்டு, இரண்டும் எந்த ஆளிடம் பிரிகின்றன, ஏன் பிரிகின்றன என்று நீங்களே கோடு போட்டுப் பாருங்கள்.